கீழ்த்தட்டுக் கூண்டுகள்

மார்ச் 4
பன்னிரண்டு கூண்டும் கழுவியாயிற்று. மேல்தட்டில் ஆறு, கீழ்த்தட்டில் ஆறு. எல்லா எலிக்கும் டாக்டரம்மா விஷ ஊசி போட்டிருக்கிறார். மூளைச் செல்லைச் சாகடிக்கிற விஷமாம். அதிலிருந்து காப்பாற்ற ஒரு மருந்து கண்டுபிடிக்கத்தான் இந்தப் பாடு. கீழ்த்தட்டில் நீலச் சீட்டு ஒட்டியிருக்கிறது. எதற்கென்று என்னிடம் சொல்லவில்லை.

மார்ச் 5
எலிகள் நடுங்குகின்றன. சாவதற்கு முந்தின மாதம் என் வீட்டுக்காரர் நடுங்கியது போலவே. பட்டறையில் இரும்புச் சாமானின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற திரவத்தில் பத்தொன்பது வருஷம் கையை நனைத்தவர்; அதில்தான் இந்த நோய் வந்தது. போய் ஏழு மாதமாகிறது. ஸ்பூன் வாய்க்குப் போவதற்குள் மேலெல்லாம் சிந்திவிடும். ஊட்டப் போனால், "நான் என்ன கைக்குழந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் எழுந்து போய்விடுவேன். ஏன் போனேன்?

மார்ச் 6
தீனி கம்பி மூடியின் மேல் இருக்கிறது. நின்று எட்டிக் கடிக்க வேண்டும். இவற்றால் நிற்கவே முடியவில்லை. தீனியை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, பாட்டில் மூடியில் வைத்து உள்ளே தள்ளினேன். நக்கித் தின்றன. என் முக்காலிக்கு நேரே இருக்கும் கீழ்த்தட்டுக்கு மட்டும்தான் வைத்தேன். தினமும் ஏணியில் ஏற முழங்கால் விடவில்லை.

மார்ச் 9
மேல்தட்டில் ஐந்து செத்தன. பையில் போட்டுக் கட்டினேன். கீழே எல்லாம் இருக்கின்றன. தினமும் வைக்கிறேன்.

மார்ச் 12
கொழுந்தன் வந்தான். அவனும் அதே பட்டறைதான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டான்.
"என்ன அண்ணி அப்படிப் பாக்குறீங்க? குளிருது."
வெளியே வெயில் கொளுத்துகிறது.
"டாக்டர்கிட்டப் போனியா?"
"போனேன். அண்ணனுக்குச் சொன்னதையே சொன்னாங்க. உங்க எலி மருந்துல மிச்சம் மீதி இருந்தா எனக்கும் ரெண்டு சொட்டு கொண்டாங்க."
சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17
டாக்டரம்மா ஓடி வந்தார். "அக்கா, நீலச் சீட்டு அத்தனையும் பொழைச்சிருக்கு! அதுக்குத்தான் மருந்து குடுத்தேன். ஆறு வருஷம்க்கா, முப்பத்தெட்டாவது மருந்து!" என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்பார்களாம்.
கொழுந்தனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் அழுகிறான். அண்ணனைத் தூக்கின அன்றுகூட அழாதவன்.

மார்ச் 18
பாட்டில் மூடிகளைக் கழுவும்போது கை அப்படியே நின்றுவிட்டது. நீலச் சீட்டு கீழ்த்தட்டு. கீழ்த்தட்டு நான் ஊட்டியது.
ஐயோ. பொழைக்க வெச்சது மருந்தா, நான் ஊட்டின தீனியா?

மார்ச் 19
சொல்லவில்லை.

மார்ச் 20
இன்றும் சொல்லவில்லை. சொன்னா கொழுந்தன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? சொல்லாம விட்டு, அந்த மருந்து வெறும் தண்ணின்னு ஆயிட்டா — அதை நம்பிக் குடிக்கப்போறவன் அவன்தானே?

மார்ச் 21
சொன்னேன். டாக்டரம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.
"மேல்தட்டுக்கு ஏன்க்கா வைக்கலை?"
"எட்டலைம்மா."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "முதல்லேர்ந்து செய்யணும். இந்தத் தடவை எல்லாத்துக்கும் ஊட்டுங்க. கூண்டுகளை இறக்கி வெக்கச் சொல்றேன்" என்றார்.

ஏப்ரல் 16
எல்லாவற்றுக்கும் ஊட்டினேன். நீலச் சீட்டில் மூன்று செத்தன. மற்றதிலும் மூன்று. நடுக்கமும் இரண்டிலும் ஒரே மாதிரி. டாக்டரம்மா பலகையில் முப்பத்தெட்டை அழித்தார். முப்பத்தொன்பது என்று எழுதிவிட்டு வெளியே போனார்.

ஏப்ரல் 17
கொழுந்தனிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"அப்ப முதல்ல எப்படி அண்ணி பொழைச்சுது?"
"நான் ஊட்டினேன்."


மே 29
கல்யாணமும் ஆகாதவன், தனியாகக் கிடந்து என்ன செய்வான்? பேசுகிறவர்கள் பேசட்டும் என்று வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்தேன். ஸ்பூனைக் கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பினான், அப்படியே அவன் அண்ணன். நான் எழுந்து போகவில்லை. ஸ்பூனை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். கை வலித்தது. பால் ஆறிப்போயிற்று.
"நான் என்ன உங்க எலியா அண்ணி?"
"ஆமா. வாயத் தொற."
திறந்தான்.