கெட்டிக் காகிதம்

கடலூர், 9 மார்ச் 1946

பினாங்கு புறப்படும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் இன்று என் வீட்டில் கப்பல் விருந்து. கூடத்தில் அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி, பழைய தாள்களில் கப்பல் மடித்து விட்டிருந்தேன். எல்லாம் மூழ்கியும் ஒன்று மட்டும் மிதந்தது. "கெட்டி பேப்பரு, அவ்ளோ சீக்கிரம் முழுவாது" என்று அண்ணன் சிரித்தான்.

அண்டாவைக் கவிழ்க்கும்போது அதைப் பிரித்தேன். அண்ணனின் கப்பல் பர்மிட். அண்ணன் என் அலமாரியில் வைத்தது, பழைய தாள்களோடு கிடந்திருக்கிறது. மை கரைந்து பெயரே இல்லை. விடிந்தால் நாகப்பட்டினத்துக்கு ரயில்.

அடுப்போரம் காயவைத்திருக்கிறேன். காய்ந்தால் எழுத்து திரும்பி வருமா? யாரும் என்னை நம்பமாட்டார்கள். "போவாதண்ணே" என்று நேற்றுவரை அழுதவள் நான்தான்.

சிதம்பரத்து நடராசா, நான் பார்க்காமல்தான் மடித்தேன்.

பார்க்காமல்தானே?