கறுப்புக் கல்லும் பச்சை டைல்ஸும்

ஜூன் 9, திங்கள்

ஜூன்னு பேருதான், வெயில் குறையல. மேஸ்திரி எட்டு மணிக்கே வந்து சமையக்கட்டு மேடைய அளந்துட்டுப் போனார். பத்தடி, திரும்பி நாலரை. பழைய கடப்பாக் கல்லு ரெண்டு இடத்துல விரிசல்.

வாங்க: மேடைக்குக் கல்லு. அடுப்புக்குப் பின்னால சுவத்துக்கு டைல்ஸ். ஆழமா ஒரு சிங்க். கேஸ் டியூப்.

அருள் போட்ட திட்டம். கல்யாணமான புதுசுல, "ஜெனிக்காக இதை மாத்திருவோம்மா"ன்னான். ரிங் ரோட்டுல லாரி மோதி அவன் போய் பதினாலு மாசம். மருமக என்கூடத்தான் இருக்கா. பசுமலையில டீச்சர் வேலை. சாயங்காலம் வந்ததும் ரெண்டு பேருக்கும் காபி போடுவா. அந்தப் பிள்ளைக்கு நல்லதா ஒரு சமையக்கட்டாவது.

ஜூன் 11, புதன்

கல்லுக் கடை. ஜெ. லீவு போட்டு வந்தா. வெள்ளையில மஞ்சக்கறை பிடிச்சா போகாதாம். கறுப்பு எதையும் தாங்கும். எனக்குச் சாம்பல் பிடிச்சுது. எதைக் காட்டினாலும் "உங்க இஷ்டம் அத்தை." ஆறு கல்லு, ஆறு தடவை. எரிச்சல். நாளைக்கு நீதான நின்னு சமைக்கப் போறன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அப்புறம் போன் வந்து பின்பக்கம் போனா. நிறுத்தி வச்ச கல்லுகளுக்கு இந்தப் பக்கம் நான் நின்னது அவளுக்குத் தெரியாது.

"இன்னும் சொல்லலண்ணே. கல்லு பாத்துக்கிட்டு இருக்காங்க. எப்படிச் சொல்ல? மாப்பிள்ளை வீட்டுல கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

சோழவந்தான்ல இருக்கிற அவ அண்ணன்.

கடைக்காரர்ட்ட நாளைக்கு வாரோம்னு சொல்லிட்டு ஆட்டோ ஏறினோம். 

ஜூன் 12, வியாழன்

சாம்பார் அடிப்பிடிச்சுப் போச்சு. தலைவலி.

ஜூன் 13, வெள்ளி

உண்மையத்தான் எழுதணும், யாரு படிக்கப் போறா. அவளுக்காக இல்ல. சமையக்கட்டு புதுசானா இந்த வீட்டுலயே இருந்துருவான்னு நினைச்சேன். முப்பது வயசுப் பிள்ளை. எனக்கு இம்புட்டு சுயநலமா.

ஜெபம் பண்ண உக்காந்தேன். பாதியில எந்திரிச்சு அரிசி களையப் போயிட்டேன்.

ஜூன் 14, சனி

கேட்டுட்டேன். பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. மாப்பிள்ளை யாருன்னேன். தட்டு கையிலயே நின்னுபோச்சு. திருமங்கலமாம், காலேஜ்ல வேலை. ரெண்டு தடவை பேசியிருக்காங்க. நல்ல மாதிரியாத் தெரியுதுன்னு சொல்லும்போதே அழுதா. வேணாம்னு சொல்லிடுறேன்னா.

"நான் போனா உங்களுக்கு யாரு இருக்கா?"

"அதுக்காக நீ இங்க இருக்க வேணாம். போ."

கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் வந்துச்சு. பாத்ரூம் போய் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். அருள் மேல கோவம் கோவமா வந்துச்சு. போட்டோவைப் பாக்கல.

ஜூன் 16, திங்கள்

மறுபடி கடை. நான் கூப்பிடல, அவளே கிளம்பி நின்னா.

"அந்தச் சாம்பல் நல்லாவே இல்ல அத்தை. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சும்மா இருந்தேன்."

பளபளன்னு கறுப்புக் கல்லு எடுத்தா. சுவத்துக்குச் சின்னச் சின்னதா வெளிர்பச்சை டைல்ஸ், செங்கல் கட்டுற மாதிரி மாத்தி மாத்தி ஒட்டணுமாம். இடுக்குல வெள்ளைப் பூச்சு கூடாது, எண்ணெய் பட்டு அசிங்கமாயிரும்னு கடைக்காரர்ட்ட மல்லுக்கட்டினா. மிக்ஸிக்குப் பிளக் எங்க வரணும்னு பேப்பர்ல படம் போட்டா. அம்புட்டையும் மனசுல வச்சிருந்திருக்கா. சொல்லாமலே நடமாடியிருக்கா.

அவ சிரிச்சுப் பேசிப் பாத்து எம்புட்டு நாளாச்சு. பாக்கவும் முடியல, பாக்காம இருக்கவும் முடியல.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சுல ரெண்டு பேரு கேட்டாங்க, மருமகளை அனுப்புறீங்களாமேன்னு. ஒருத்தி குரல்ல இரக்கம், இன்னொருத்திக்கு வேடிக்கை. ஆமான்னேன்.

ஜூலை 5, சனி

ஜெ. அண்ணன் கார் எடுத்துட்டு வந்தார். கல்யாணம் வரைக்கும் சோழவந்தான்ல இருக்கட்டும்னார். ரெண்டு பெட்டி, ஒரு பை. அருள் சட்டை ஒண்ணு எடுத்துக்கட்டுமான்னு கேட்டா. எதுன்னு கேக்கல, எடுத்துக்கன்னேன். வாரேன் அத்தைன்னு கால்ல விழ வந்தவளப் பிடிச்சு நிறுத்திட்டேன். கார் தெரு திரும்புற வரைக்கும் கையசைச்சேன். எதிர்வீட்டு அம்மா உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்க. போகல.

ஜூலை 9, புதன்

மழை மாதிரி வந்து ஏமாத்திருச்சு. மேடை போட்டாச்சு. டைல்ஸும் முடிஞ்சுது. மேஸ்திரி கல்லைத் துடைச்சுக் காட்டினார். மருமக தேர்வு அருமைம்மான்னார்.

நாலு மணிக்கு ஜெ. போன். முடிஞ்சிருச்சா, போட்டோ அனுப்புங்கன்னா. எடுத்தேன். எந்தப் பக்கம் நின்னாலும் என் மூஞ்சி கல்லுல விழுது. அழுத மூஞ்சி. மூஞ்சியக் கழுவிட்டு வந்து எடுத்தேன். அப்பவும் அப்படித்தான். கடைசியில சுவத்த மட்டும் எடுத்து அனுப்பினேன்.

சூப்பரா இருக்கு அத்தைன்னு போட்டா. அப்புறம், கல்லு எங்கன்னு கேட்டிருக்கா.