பனியில் போட்ட சார்ஜ்

நவம்பர் 3, 2024

பூண்டுக் காட்டில் களை எடுத்துவிட்டு ஏரிக்கரை வழியாக வந்தேன். இந்த வாரம் படகு முறை என்னுடையது. துடுப்பு பொன்னுச்சாமி கையில்.

எங்கள் ஏரியில் இரண்டே படகு. ஒன்று எங்கள் வீட்டுடையது, ஒன்று அவனுடையது. ஒரு வாரம் நான் ஆளேற்ற வேண்டும், மறுவாரம் அவன். ஊர் வைத்த முறை அது. இப்போது எல்லா வாரமும் அவன்தான். கரையில் நின்ற மதுரைக்கார அம்மா என்னைக் காட்டி, போன வருஷம் இவங்கதானே கூட்டிட்டுப் போனாங்க என்று கேட்டார். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மதினிக்குக் கை போச்சுங்க. இனி வீட்ல கெடந்து ரெஸ்ட் எடுக்க வேண்டியதுதான்" என்றான். கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

கை எப்படிப் போனது என்று சொன்னானா? ஜீப்பைக் கவிழ்த்துக் காலை முறித்துக்கொண்டு கிடந்தானே, அந்தக் கோடை முழுக்க அவன் முறைக்கும் சேர்த்துத் துடுப்பு வலித்தது யார்? அவன் வீட்டு அடுப்பு எரிந்ததே என் தோளில்தான். அந்த வலது தோள் அதோடு போனது. கால் கூடி எழுந்தவன் நேரே ஊர்க்கூட்டத்துக்குப் போய், மதினிக்கு முடியல, அவங்க முறையையும் நானே பாத்துக்கிறேன் என்றான். ஊரும் தலையை ஆட்டியது.

திருப்பூரிலிருந்து வீட்டுக்காரர் போனில், "விடு தேவசேனா, தம்பிதான" என்கிறார். அவருக்குச் சித்தப்பா மகன். எனக்கு யார்?

விட மாட்டேன்.

நவம்பர் 8

கொடைக்கானல் போனேன். படகின் பின்னால் மாட்டும் சின்ன மோட்டார் இருக்கிறது, பேட்டரியில் ஓடும், ஒற்றைக் கையால் திருப்பலாம் என்று போனில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பெட்ரோல் இன்ஜினை ஊர் விடாது. அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

பஜாரில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிற ரஷாத் விஷயம் தெரிந்தவர்.

"மோட்டார விடுங்கக்கா, பேட்டரிதான் மெயின். உங்க கை எவ்வளவு வெயிட் தூக்கும்?" என்றார்.

இத்தனை மாதத்தில் என் கையைப் பற்றி உருப்படியாக ஒரு கேள்வி கேட்டவர் இவர் ஒருவர்தான்.

இடது கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்குவேன் என்றேன். ஜீப்பில் இருப்பது போல ஈய பேட்டரி என்றால் முப்பது கிலோ வரும், பாதிக்கு மேல் வடியவிட்டால் சீக்கிரம் கெட்டும் போகும் என்றார். லித்தியம் பன்னிரண்டு கிலோகூட வராது, கடைசி வரைக்கும் கொடுக்கும். நூறு ஏஹெச் கொள்ளளவில் எடுத்தால் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடும், மெதுவாகப் போனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஜீப்புக்குப் போடுகிற சார்ஜரை இதற்குப் போடவே கூடாது, இதற்கென்று உள்ள சார்ஜர்தான்.

"இன்னொண்ணு. உங்க ஊர்ல பனி உறையும்ல? உறையிற குளிர்ல ஓட்டலாம், ஆனா சார்ஜ் மட்டும் போடக்கூடாது. போட்டா உள்ளுக்குள்ள செத்துரும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது." குளிர்ந்தால் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும் போர்டு உள்ளே இருக்கிற பேட்டரியைத்தான் எடுக்கச் சொன்னார். விலை கூடத்தான். பூண்டு விற்ற காசு மொத்தமும் அங்கேயே போனது. போகட்டும்.

நவம்பர் 15

ஓட்டிவிட்டேன்! சத்தமே இல்லை. இடது கையில் பிடி, வலது கை மடியில். தண்ணீரில் மிதந்த நாமக்கோழிகள்கூடப் பறக்கவில்லை. கரையில் பொன்னுச்சாமி வாயைத் திறந்தபடி நின்றான். அவன் மூஞ்சியைப் பார்ப்பதற்காகவே இன்னும் இரண்டு சுற்றுப் போனேன்.

நவம்பர் 17

ஊர்த் தலைவர் சுப்புராஜிடம் போய் என் முறையைத் திருப்பிக் கேட்டேன். "பொங்கலுக்கு ஊரே கரையில கூடும்ல, அன்னைக்கி ஆளேத்தி ஓட்டிக் காட்டுங்க. பெறகு கூட்டத்துல பேசுவோம்" என்றார்.

டிசம்பர் 9

முதல் உறைபனி. காலையில் கோஸ் இலை எல்லாம் வெள்ளை. ரஷாத் சொன்னது நிஜமா என்று பார்க்க, இரவு பேட்டரியை வேண்டுமென்றே வாசலில் வைத்திருந்தேன். விடிந்ததும் சார்ஜர் மாட்டினேன். ஏறவே இல்லை. அடுப்படிக்குத் தூக்கி வந்து, மத்தியானம் அது வெதுவெதுப்பான பிறகு மாட்டினேன். சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. ஒரு பெட்டிக்கு இருக்கிற சுரணை இந்த ஊரில் சிலருக்கு இல்லை.

டிசம்பர் 14

பொன்னுச்சாமியும் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வாங்கிவிட்டான். பேட்டரி கீழே ஒட்டன்சத்திரத்தில் யாரோ கூட்டிக் கட்டிக் கொடுத்தது. பேரில்லை, ஊரில்லை. என்னுடையதைவிடப் பெரிது. "மதினிது நூறு, நம்மளுது நூத்தம்பது" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

என் தோளையும் எடுத்தான், என் முறையையும் எடுத்தான், இப்போது என் யோசனையையுமா?

டிசம்பர் 15

இதை எழுதிவிட வேண்டும்.

காலையில் அவனே வந்தான். வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "மதினி, சார்ஜ் எப்பப் போடுறீங்க? சார்ஜ் ஏறயில சூடாகுதே. கெட்டுறாது?"

ஜீப்புக்காரன் புத்தி. கொடை மலை ஏறி ஏறி, சூடானால் கெட்டது என்பது மட்டும்தான் அவன் மண்டையில் இருக்கிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியே பாதி ஆயுள் போனவன்.

குளிரில் நிறுத்துகிற போர்டு உண்டா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"அதுக்குத்தான் தம்பி, வெள்ளனே போடணும். பனி நல்லா எறங்கிக் கெடக்குற நேரத்துல, படகுக் கொட்டகையில வச்சே போடுங்க. சூடே ஆகாது" என்றேன்.

தானாக வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் திருத்தவும் இல்லை. "சரிங்க மதினி" என்று போனான். எனக்குப் பெரிய ஏலக்காய் டீ ஒன்று போட்டுக் குடித்தேன். அவ்வளவு ருசி.

டிசம்பர் 23

இருட்டு விலகும் முன் கொட்டகையில் அவன் சார்ஜரின் சிவப்பு விளக்கு. கரையெல்லாம் உறைந்து கிடக்கிறது. ஏறட்டும்.

ஜனவரி 2, 2025

ரஷாத்துக்குப் போன் போட்டு, யாரோ ஒருத்தர் உறைபனியில் சார்ஜ் போடுவதாகச் சொல்லி விசாரித்தேன். தீப்பிடிக்குமா?

"இந்த வகை லேசுல பிடிக்காதுக்கா. ஆனா பவர் கொறைஞ்சுக்கிட்டே வரும். திடுதிப்புனு நின்னுரும். யாருன்னு சொல்லுங்க, நான் பேசுறேன்."

யாருமில்லை என்று வைத்துவிட்டேன். நின்றால் நிற்கட்டும். நானும் ஒருநாள் நின்றுதானே போனேன், தோள் பிடித்து, நடு ஏரியில். அன்றைக்கு யார் வந்தார்கள்?

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். ஊர் முழுக்கக் கரையில். நான் முதலில் ஓட்டினேன், நான்கு பேரை ஏற்றி. கைதட்டினார்கள். பிறகு அவன். அவன் மனைவி வள்ளி புதுப்புடவையோடு ஏறி உட்கார்ந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வள்ளி எனக்கு ஒன்றும் செய்ததில்லை. தோள் கட்டோடு கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள். இறங்கு என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

என்னை மிஞ்ச வேண்டும் என்று முழு வேகத்தில் போனான். அக்கரையைத் தொடும் முன் நின்றுவிட்டது. சுவிட்சைத் தட்டுகிறான், வயரை ஆட்டுகிறான். ஒன்றும் நடக்கவில்லை. மூடுபனி வேறு இறங்கிவிட்டது. நூற்றைம்பது என்ற திமிரில் துடுப்பைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்!

என் படகை எடுத்துக்கொண்டு போனேன். மெதுவாகத்தான் போனேன்.

"மதினி, கயித்த வீசுங்க" என்றான்.

காதில் விழாதது போல இருந்தேன். இரண்டாம் தரம் கேட்டான், குரல் இறங்கியிருந்தது. வீசினேன். ஊர் பார்க்க அவனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். கரையில் ஒரே சிரிப்பு. வள்ளி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவள் பக்கம் நான் பார்க்கவில்லை.

வயிறு குளிர்ந்தது என்பார்களே, இதுதான்.

ஜனவரி 19

கூட்டம். மந்தையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் தீர்ப்பு என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

சுப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடு ஏரியில ஆளோட நின்னுபோச்சுன்னா வெளியூர்க்காரனுக்கு யாரு பதில் சொல்றது? இந்தப் பேட்டரி சோலியே நமக்கு வேணாம். துடுப்பு வலிக்க முடிஞ்சவுக ஓட்டட்டும்" என்றார்.

என்னோடது நிக்கலயே என்று எழுந்தேன். அது நல்ல பேட்டரி, குளிருக்கு உள்ளேயே காவல் இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

அப்போது பொன்னுச்சாமி எழுந்தான். என்னைத் திட்டப் போகிறான் என்று நினைத்தேன். இல்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"இந்த ஊர்ல பேட்டரி பத்தித் தெரிஞ்சது மதினி ஒராள்தான். அவங்க சொன்ன நேரத்துல, அவங்க சொன்ன மாதிரிதான் ஒருநா தவறாம சார்ஜ் போட்டேன். அவங்க சொல்படி போட்டே நின்னுருச்சுன்னா, இது நம்புற சாமான் இல்லங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு சந்தேகமும் இல்லை, படுபாவி. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரே ஒரு வாக்கியம். அவரு தப்பான நேரத்துல போட்டாரு, நான்தான் அப்படிப் போடச் சொன்னேன் — இதைச் சொன்னால் பேட்டரிக்கு மானம் திரும்பும். எனக்கு? வள்ளி ஏறிய படகு அது. அவ முன்னால எப்படிச் சொல்ல? எந்த வாயால சொல்ல?

உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 20

எம் முறைய நானே முழுங்கிட்டேன்.

பிப்ரவரி 11

ரஷாத் போன் செய்தார். மோட்டாரை வேறு ஒருவருக்கு விற்றுத் தருகிறாராம். மோட்டாரைக் கொடுத்துவிட்டேன். பேட்டரியைக் கொடுக்கவில்லை. அடுப்படியிலேயே இருக்கிறது. கரண்டு போனால் ஒரு பல்பு எரிகிறது.

மே 6

சீசன். ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடமில்லை. இரண்டு வாரமும் பொன்னுச்சாமியே துடுப்பு வலிக்கிறான், காலையிலிருந்து இருட்டும் வரை. படகு திரும்பும்போதெல்லாம் வலது பக்கம் இழுப்புக் குறைகிறது. கரையிலிருந்து பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. எப்படித் தெரியாமல் போகும்?

மாலையில் வாசலுக்கு வந்தான். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான்.

"மதினி, உங்க தோளுக்கு என்ன தடவுனீங்க?"

உட்காரச் சொன்னேன். வள்ளியிடம் அவன் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "நல்லெண்ணெயில பூண்டத் தட்டிப் போட்டுக் காய்ச்சுங்க. எறக்கி வச்சு யூக்கலிப்டஸ் தைலம் ஊத்தி, வெதுவெதுன்னு இருக்கயிலயே தேய்க்கணும். வெள்ளனே தேய்க்கணும் தம்பி."

இந்தத் தடவை ஒரு வார்த்தை பொய் இல்லை. அதைத்தான் நான் தை மாதம் வரைக்கும் விடாமல் தேய்த்தேன். "சரிங்க மதினி" என்று போனான்.

சரியாச்சா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.