கொத்தோடு தொங்கிய கார் சாவி

சீட்டைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கதவைத் தொடுங்கள்.

காலையில் கார் சாவி திரும்பவில்லை என்று குறட்டால் முறுக்கி, உள்ளேயே உடைத்தீர்களே, அந்தத் துண்டை எடுத்துவிட்டேன். பூட்டுக்கடை வைத்திருப்பவளுக்கு அது பத்து நிமிட வேலை. "மெதுவாங்க, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஆட்டிட்டுத் திருப்புங்க" என்றதற்குத்தானே சாவிக்கொத்தை என் முகத்தில் எறிந்தீர்கள்? பிறகு அதையே பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். புருவத்தில் நான்கு தையல். கதவில் இடித்துக்கொண்டேன் என்று நர்ஸிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

கார் சாவியோடு பதினான்கு சாவியும் இரும்புச் சங்கிலியும் தொங்கினால் பூட்டு தேயாமல் என்ன செய்யும்? மூன்று வருடமாகக் கத்தினேன். "உன் வியாக்கியானத்தைக் கடையிலேயே வச்சுக்கோ" என்றீர்கள். கடையில்தான் வைத்திருந்தேன், தேயாத அசல் சாவியை. அதைப் பார்த்துப் புதிது வெட்டிவிட்டேன். இனி அது ஒற்றையாகத் தொங்கும், என்னிடம். காரும் என்னிடம்.

சாப்பாடும் உங்கள் துணிமணி வைத்த பையும் எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கின்றன. சோறு ஆறியிருக்கும். அவரிடம் கத்தாதீர்கள்.

ஏழு மணிக்கு என் அண்ணனோடு வருவேன். அதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சொல்ல மறந்தது: உங்களிடம் இருக்கும் வீட்டுச் சாவி இந்தப் பூட்டுக்குள் போகும், ஆனால் திரும்பாது. மத்தியானம் உள்பகுதியை மாற்றிவிட்டேன். முறுக்கி உடைத்தால் இந்த முறை துண்டை எடுத்துத் தர மாட்டேன்.

குறடு எங்கே என்று தேட வேண்டாம். என் கைப்பையில் இருக்கிறது.