கன்னியம்மாவின் ஈறும் கறுப்புச் சேவலும்

தை 3

பனி. பத்தடியில் இருக்கும் கிணறு தெரியவில்லை. பொங்கல் கரும்பு இரண்டு கழி மிச்சம். மருமகள் கன்னியம்மா மென்று துப்பிய சக்கையில் சிவப்பு. அவள் வாய் கொப்பளிக்கும் துவைகல்லிலும் சிவப்புப் புள்ளிகள். மூன்று நாளாக இப்படி. அவளுக்கு ஐந்தாம் மாதம். மகன் லாரியோடு வெளியூரில். மாதக் கடைசியில்தான் வருவான். தெய்வானை பார்த்துவிட்டாள். எதையும் உரக்கச் சொல்பவள் என் மனைவி. இன்று முணுமுணுத்தபடி துவைகல்லில் மஞ்சள் நீர் தெளித்தாள். அதுதான் பயம்.

எனக்காக, வரிசையாக:

1. ரத்தம் ஈறிலிருந்து வருகிறது. வேறு காரணம் இல்லை.
2. உப்புப் போட்ட வெந்நீர். இரு வேளை கொப்பளிக்க வேண்டும்.
3. ரத்தம் வரும் இடத்தில் குச்சியோ விரலோ படக் கூடாது.
4. இதையெல்லாம் தெய்வானையிடம் நான் சொல்ல வேண்டும்.

பத்திர ஆபீசில் முப்பது வருடம் நகல் எழுதிய பழக்கம். எண் போட்டால்தான் மனம் நிற்கிறது.

3 என் சொந்த யோசனை. புண் என்றால் கை வைக்கக் கூடாதல்லவா? கன்னியம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். எனக்கும் கொஞ்ச நாளாக ஈறு சரியில்லை, யாருக்கும் தெரியாது. நானும் அப்படியே செய்யப் போகிறேன்.

4-ஐச் செய்யவில்லை.

தை 8

ரத்தம் அதிகம். சோற்றில் அவள் பல் பட்ட இடமெல்லாம் இளஞ்சிவப்பு.

"மாமா, வாயெல்லாம் துரு வாசன. கனாவுல ஒரு பொம்பள வர்றா, கறுப்புப் பொடவ. மார் மேல குந்திக்கினு என் ஈற தடவிப் பாக்குறா."

கனவுதானே என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

மதியம் பூசாரி, தெய்வானை அழைத்து. வீட்டுக்குள் வரவில்லை. துவைகல்லைச் சுற்றி வந்து, குனிந்து முகர்ந்தார்.

"ரத்தக் காட்டேரி. வாய்லதான் ஆரம்பிக்கும். அப்பறம் கீய எறங்கும், கொயந்தகிட்ட."

அமாவாசை அன்று ஓடைக்கரையில் பூசை. கறுப்புச் சேவல், கறுப்புப் புடவை. அதற்கு முன் மூன்று நாள் கன்னியம்மா பட்டினி, தண்ணீர் மட்டும். கடைசியில் வேப்பிலைக் கொத்தால் அடி.

"புள்ளத்தாச்சி தாங்குவாளா?" என்று கேட்க வாயெடுத்தேன். "மோர் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

தை 11

சேவல் வந்துவிட்டது. முருங்கையில் கட்டியிருக்கிறது. கூவுவதில்லை. துவைகல்லையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

கதவைத் தாழிட்டு, கண்ணாடியில் வாயைப் பார்த்தேன். கீழ் வரிசை, இடப்பக்கம். ஈறு ஊதி, கருஞ்சிவப்பு. விரல் பட்டதும் ரத்தம். கன்னியம்மாவுக்கும் கீழே, இடப்பக்கம். எட்டு நாள் அந்த இடத்தை நான் தொடவே இல்லை. பிறகு எப்படி?

படித்தவன் எழுதக் கூடாத வரி: அவளிடமிருந்து என்னிடம் வந்துவிட்டதோ.

வெளியே வந்தேன். சேவல் இப்போது என்னைப் பார்க்கிறது.

தை 12

கன்னியம்மாவோடு உத்திரமேரூர், காலை பஸ். மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், படியிறங்கத் துணை வேண்டும் என்று தெய்வானையிடம் பொய்.

"போன வருசந்தான மாத்துன? சீக்கிரம் இட்டுக்கினு வா. நாளைக்குப் பட்டினி தொடங்கணும்."

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வாயைப் பார்த்ததும் சொன்னார்: "மாசமா இருக்கறப்ப ஈறு சீக்கிரம் வீங்கும். பல்லும் ஈறும் சேர்ற எடத்துல அழுக்கு தங்கியிருக்கு. தேய்க்காம விட்டா ரத்தம் கூடத்தான் வரும். தேய்க்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

கன்னியம்மா தரையைப் பார்த்தாள். "யாரும் சொல்லல டாக்டரம்மா."

நான் குடையை மடித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே மடித்த குடை.

சொன்னவை: வேப்பங்குச்சியைப் பூப்போல மென்று மெதுவாகத் தேய்க்க. ரத்தம் வந்தாலும் நிறுத்தாமல். செங்கல் பொடி கூடாது. உப்பு நீர் சரி. கொய்யா, கீரை. வயிறு காயக் கூடாது. இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் திரும்ப வர வேண்டும்.

பஸ் ஏறுமுன் கொய்யா வாங்கினேன். அவள் மடியில் கட்டிக்கொண்டாள்.

தை 13

காலை. தெய்வானை கன்னியம்மாவின் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கன்னியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ.

"தெய்வானை, இங்க பாரு." வாயைத் திறந்து விரலால் அழுத்தினேன். வேட்டியில் சொட்டியது. "எனக்கும் கீது. ரொம்ப நாளா. நேத்து போனது ஆஸ்பத்திரிக்கு. ஈறுல அழுக்குதான், வேற ஒண்ணுமில்ல. அவள தொடாதேன்னு சொல்லிக் கெடுத்தது நாந்தான்."

தெய்வானை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒன்னையா? ஒன்ன எந்தக் காட்டேரி தொடும்? வத்தல் மாரி கீற. உறிஞ்சினா அதுக்குத்தான் வயித்துவலி."

கன்னியம்மா சிரித்தாள். வாயைப் பொத்த மறந்து. பல்லெல்லாம் சிவப்பு. பார்க்க என்னவோ போல் இருந்தது.

தெய்வானை தட்டை நிமிர்த்தினாள். "பூசைய வுட முடியாது. பட்டினி வாணாம், அடியும் வாணாம். பூசாரிகிட்ட நான் சொல்லிக்கிறேன். துன்னுடி."

தை 22

ஈறு வற்றிவிட்டது, இருவருக்கும். மூன்று நாளாகக் குச்சியில் ரத்தம் இல்லை. கனவும் வரவில்லையாம்.

பூசையில் சேவலை அறுக்கவில்லை. ஓடைக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்கள். இன்று காலை பனிக்குள் துவைகல் மேல் நிற்கிறது. கல்லைக் கொத்துகிறது. விரட்டிவிட்டுப் பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளி. ஈரம். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கன்னியம்மாவைக் கேட்டேன். இன்னும் பல்லே தேய்க்கவில்லை என்றாள். நானும்தான்.

பத்திரத்தில் பிழையைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. தை 3 வரிசையில் 3-ஐ அப்படியே அடித்துவிட்டேன். 1-ஐ, ‘வேறு காரணம் இல்லை’ என்றதை, இன்று திரும்பப் படிக்கவில்லை. 3 தவறு.