மீன்கொத்தி மக்கக் கடவது

வெண்கரை நாட்டையும் மூவாற்றுப் படுகையையும் புரக்கும், மீன்கொத்திக் கொடியுடைய கோமான் தண்டார்வேள், கீழைத்துறைத் தலைவர் கொற்றங்குடியாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் பெருகுக. உம் தோப்புகள் காய்க்க. உம் குடி நலம் பெறுக. வாழ்த்து இவ்வளவே.

கடல் வணிகர் கொணர்ந்த மக்காத நெகிழிப் பைகள் உம் நகரின் நீர் கடலுக்கு வடியும் கழியை அடைத்ததும், தேங்கிய நீரில் எழுந்த காய்ச்சல் தெருத்தெருவாக உயிர் குடித்ததும், மாண்டவருள் நம் அரசியும் ஒருத்தி என்பதும் நீர் அறியாதவை அல்ல. அதன் பின்னரே, உம் கனிச்சந்தையில் அழுகிக் கிடக்கும் வாழைத்தோலையும் பலாச்சக்கையையும் மாங்கொட்டைப் பருப்பையும் வேகவைத்து அரைத்து, காடி சேர்த்துக் கூழாக்கி, கல்லில் மெல்லென வார்த்து உலர்த்தி, மண்ணில் மக்கும் நெகிழியை நம் பட்டறையார் செய்தனர். நாம் கல்லூரியில் கற்றது அந்த ஒன்றுக்குத்தான் பயன்பட்டது. போலி கலவாதிருக்க ஒவ்வொரு பையிலும் மீன்கொத்தி பொறித்தோம்.

கேடு அங்கே தொடங்கிற்று. அரச முத்திரை மண்ணில் அழுகுவது அரச நிந்தனை என்று உம் அவையோர் உரைத்தனராம். நீரும் உடன்பட்டு, கிடங்கிலிருந்த பைகள் அனைத்துக்கும் அரக்குப் பூசுவித்தீராம். காற்றும் நீரும் புகாத பை எங்ஙனம் மக்கும்? பூசாத பையை மண்ணில் இட்டவரைச் சிறையிலும் அடைத்தீர். அஞ்சிய மக்கள் வணிகரின் பைக்கே திரும்பினர். கழி மறுபடி அடைபடுகிறது. மழை வரப்போகிறது.

பழக்கூடைக்காரி பூவாயி, தன் கத்தரிப் பாத்தியில் ஒரு பையைப் புதைத்ததற்காக உம் சிறையில் இருக்கிறாள். உம் அவையில் அவள் கூறியதை நம் ஒற்றர் சொல் மாறாமல் எழுதி அனுப்பினர்: "மக்கும்னு முரசடிச்சுச் சொன்னீங்க, புதைச்சேன். மக்குனதுக்கு அடிக்கிறீங்க. அப்ப எதுக்கய்யா செஞ்சீங்க, கும்பிடவா?" அவையோர் சிரித்தனராம். விடை இல்லாதவர் சிரிப்பது வழக்கமே.

மீன்கொத்தி பொறித்த பட்டுத்துணி போர்த்தித்தான் நம் அரசியை மண்ணில் வைத்தோம். முத்திரையைக் கண்டு மண் விலகி நிற்கவில்லை. அவளினும் ஒரு பழத்தோல் பை உமக்குப் பெரிதாயிற்றோ? அன்று முதல் நமக்கு எதன் மீதும் சினம் எழுந்ததில்லை. இன்று எழுந்தது. எழுப்பியவர் நீர்.

ஆதலால் ஆணையிடுகிறோம். ஓலை கண்ட அப்பொழுதே பூவாயியை விடுவித்து, அவையோர் முன் அவளிடம் பிழை பொறுக்க வேண்டுக. வணிகரின் பைகளைத் துறையிலேயே மறித்துத் திருப்புக. மழைக்கு முன் கழியைத் தூர் வாருக. சிரித்த அவையோர் நீரில் இறங்கி வாருக. பூச்சில்லாத பை ஒன்றை உம் மாளிகை முற்றத்தில் உம் கையாலேயே புதைத்து, காவல் வைக்க. மழைக்காலம் கழிந்தபின் பூவாயி வந்து தோண்டுவாள். மீன்கொத்தியின் இறகு ஒன்றேனும் அவள் கண்ணில் பட்டால், கீழைத்துறைக்கு வேறு தலைவர் வருவார்.

நம் கைச்சாத்தும் முத்திரையும் இட்டோம். மறுமொழி வேண்டா, செயல் வேண்டும்.