கெட்ட ரத்தம்

14-3-1979, புதன்

இரண்டு வருடமாக ஈறில் ரத்தம். கெட்ட ரத்தம்தானே, போகட்டும் என்று செங்கல் பொடியில் உப்பைக் கலந்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். நேற்று அரியலூர் பல் டாக்டர் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். கீழ்ப்பற்களின் வேர் தெரிந்தது.

"ஈறு வீங்குனது நோயி. எறங்குனது நீங்க தேச்சதுல சார். எறங்குனது இனிமே ஏறாது. இருக்குறதயாவது காப்பாத்திக்குங்க."

வீட்டில் சொல்லவில்லை. குன்னம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பொடியைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். எந்த முகத்தோடு சொல்வது?

இன்று காலை கிணற்றடியில் மகள் தேன்மொழி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. விரலில் என் பொடி. துப்பினாள், சிவப்பாக. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அப்பா, எனக்கும் கெட்ட ரத்தம் வந்துடுச்சு!"

டப்பாவைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். அவள் மிரண்டு அழுதாள். "புள்ள என்னங்க பண்ணுச்சு?" என்று மனைவி கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

இப்போது படுக்கப் போகும்போது தேன்மொழி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க தேய்க்குற மாதிரியேதானப்பா தேச்சேன்?"

போய்ப் படு என்றேன்.